மூன்று சந்தாக்களும் ஒரு மஞ்சள் கோடும்

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் எழுத்தராக இருப்பவர் அவர். பஞ்சுச் சுருள் முதல் படுக்கை வரை எதை வாங்குவதானாலும் மூன்று கடைகளிடம் விலை கேட்டு, மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்து, கீழே கையொப்பமிட வேண்டும். அந்தத் தாளுக்கு ஒப்பீட்டுத் தாள் என்று பெயர். அவர் போட்ட தாளைத் தணிக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. கையொப்பத்தைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அலுவலகத்தில் அவருக்குக் கொட்டேஷன்காரர் என்று பெயர் விழுந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. "மூச்சு விடணும்னாலும் மூணு மூக்குக்கிட்ட விலை கேட்பார்" என்று மருந்துக் கிடங்குக்காரர் அவர் காதுபடவே சொல்வார். கொட்டேஷன்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்பது அவர் எண்ணம்.

வீட்டிலும் அப்படித்தான். துணி துவைக்கும் எந்திரம், மகள் சேர்ந்த கல்லூரி, மனைவியின் மூக்குக் கண்ணாடி எல்லாம் தாளில் ஏறி இறங்கி வந்தவைதாம். மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். ஊசி குத்துவதைப் போலவே பேச்சிலும் சுருக்கென்று காரியத்தை முடிப்பவர். "பெண் பார்க்க வந்தப்போ என்னைத் தவிர வேற ரெண்டு பேர் யாருன்னு இன்னும் சொல்லலை இந்த மனுஷன்" என்று அவர் உறவினர்களிடம் சொல்வதுண்டு.

இந்தப் பழக்கம் ஒரே ஒருமுறை அவரைக் கவிழ்த்தது. தாய் இறந்த பிறகு தந்தையை எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. தம் வீடு, ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் தனியாக வசிக்கும் அக்காவின் வீடு, முதியோர் இல்லம் என்று மூன்றையும் அவர் தாளில் எழுதினார். படிக்கட்டு எத்தனை, மருத்துவமனை எவ்வளவு தூரம், பகலில் வீட்டில் ஆள் உண்டா என்று வரிசையாகப் போட்டு வந்தவர், கடைசியில் பொறுமை என்று ஒரு கட்டமும் போட்டார். தமக்குப் பத்துக்கு ஏழு. முதியோர் இல்லத்துக்கு ஆறு. அக்காவுக்கு நான்கு. மாத்திரையைத் துப்பிய தந்தையிடம் அக்கா ஒருநாள் கத்தியதை அவர் பார்த்திருந்தார்; பார்த்ததை எழுதினார். அதே அக்கா அதற்கு முன் பதினொரு மாதம் தாயைத் தூக்கிக் கிடத்திப் பார்த்துக்கொண்டதற்குத் தாளில் கட்டம் இருக்கவில்லை.

தந்தையின் மருந்துச் சீட்டுகளைத் தேடியபோது அந்தத் தாள் அக்காவின் கையில் சிக்கியது. நின்றபடியே படித்தார். "எனக்கு நாலா?" என்று கேட்டார். மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தந்தையின் சாவுக்கு வந்தார், நின்றார், போனார். அதற்குப் பின் மூன்று ஆண்டுகளாகத் தம்பியோடு ஒரு சொல் இல்லை. தம்பி அழைத்த அழைப்புகள் மணி அடித்தே ஓய்ந்தன. முதல் ஆண்டின் முடிவில் அவர் அழைப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. தாய் உயிரோடு இருந்த காலத்தில், வீட்டுத் தொலைக்காட்சியில் படங்களும் தொடர்களும் பார்ப்பதற்காக அவர் ஒரு சந்தா கட்டியிருந்தார். ஆந்தைப் படம் போட்ட செயலி. எனவே வீட்டில் அதற்கு ஆந்தை என்றே பெயர். மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, தமக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என அதில் நான்கு தனிப் பக்கங்களை மகள் அமைத்துக் கொடுத்திருந்தாள். சண்டைக்குப் பிறகு அக்கா அதிலிருந்து விலகவில்லை. விலக வேண்டும் என்று தோன்றவில்லையா, விலகும் வழி தெரியவில்லையா என்பது யாருக்கும் தெரியாது.

தந்தை இறந்து இரண்டு மாதம் கழித்து, தொலை இயக்கியில் கை தவறி, அவர் அக்காவின் பக்கத்தைத் திறந்துவிட்டார். பாதி பார்த்தவை என்ற வரிசையில் ஒரு நெடுந்தொடர் இருந்தது. ஓர் அச்சகத்துக்காக இரண்டு சகோதரிகள் வழக்காடும் கதை. நூற்று அறுபது பகுதிகள். படத்தின் அடியில் ஒரு மஞ்சள் கோடு, எவ்வளவு தூரம் பார்த்தாயிற்று என்பதைக் காட்டியது. மறுநாள் மாலை பார்த்தார், கோடு நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாளும் நகர்ந்திருந்தது. கண் மருத்துவமனை ஒன்றில் கண்ணாடி அளவு எழுதும் அக்கா அரைநாள் வேலை முடிந்து ஒரு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மேல் தொலைக்காட்சி முன் உட்காருவார் என்பது அவருக்குத் தெரியும். அக்கா எழுந்தாள், வேலைக்குப் போனாள், சாப்பிட்டாள், உட்கார்ந்தாள் என்ற அத்தனையையும் அந்தக் கோடு சொன்னது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியைப் போடுவார்; ஒரு நிமிடம் பார்ப்பார்; அணைப்பார். எதையும் பார்க்கமாட்டார்.

"என்ன, மின்சார மீட்டர் பார்க்கிற மாதிரி தினம் வந்து பார்க்குறீங்க?" என்று மனைவி கேட்பார்.

"ஒழுங்கா வருதான்னு பார்க்கிறேன்."

"காசு கட்டியிருக்கோம், வரும். நீங்க தடவிக் கொடுக்க வேணாம்."

இவ்வாறு ஒரு தொடர் முடிந்து மற்றொன்று, அதுவும் முடிந்து மூன்றாவது என மூன்று ஆண்டுகள் கழிந்தன. இந்த ஆண்டு அக்கா அந்த அச்சகத் தொடரையே மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஆந்தை தன் ஆண்டுக் கட்டணத்தை ஏறக்குறைய இரு மடங்காக உயர்த்தியது.

ஞாயிற்றுக்கிழமையோடு சந்தா முடிகிறது. குடைப் படம் போட்ட இன்னொரு நிறுவனம் சனிக்கிழமை வரை சலுகை தருகிறது. பம்பரப் படம் போட்ட மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மகள் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலையில் இருப்பவள். காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமலே பேசுவாள். திங்கட்கிழமை அவள் சொன்னாள்: "அப்பா, மூணும் ரெடியா நிக்குது. உங்க தாளை எடுங்க."

"எடுப்போம்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு மஞ்சள் கோடு நகரவில்லை. நாற்பத்தோராம் பகுதி, பதினேழாவது நிமிடம். முந்தைய நாள் பார்த்த அதே இடத்தில்தான் நின்றிருந்தது. உறவினர் யாரேனும் வந்திருப்பார்கள் என்று தமக்குச் சொல்லிக்கொண்டார். அக்கா வீட்டுக்கு வரும் உறவினர் யார் யார் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை ஒரு கையின் விரல்களைத் தாண்டவில்லை. அவர்களும் சொல்லாமல் வருகிறவர்கள் அல்லர்.

புதன்கிழமையும் பதினேழாவது நிமிடம். அன்று அலுவலகத்தில் கையுறைப் பெட்டிகளின் எண்ணிக்கையை இரண்டுமுறை தவறாக எழுதினார். வியாழக்கிழமை, அக்கா வேலை செய்யும் கண் மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்தார். வரவேற்பில் இருந்த பெண் பத்து நிமிடம் இசையைக் கேட்க வைத்துவிட்டு, "கண்ணாடி அளவு எழுதுறவங்களா? இந்த வாரம் புதுக் கட்டடத்துக்கு மாத்தியிருக்காங்க, அங்கே எங்களுக்குத் தெரியாது சார்" என்றாள். புதுக் கட்டடத்தின் எண்ணை யாரும் எடுக்கவில்லை. அக்காவின் அடுத்த வீட்டுக்காரர் எண்ணும் அவரிடம் இருந்தது. ஆனால் அதில் அழைத்தால், "தம்பி விசாரிச்சார்" என்று சேதி போகும்; வேவு பார்க்கிறான் என்று அக்கா நினைத்தால் அந்த மஞ்சள் கோடும் இல்லாமல் போய்விடும். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அழைக்கவில்லை.

அன்றைக்கும் பதினேழாவது நிமிடம்.

இதற்கு நடுவேதான் ஒப்பீட்டுத் தாள் தயாராகிக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பழைய படங்கள் வேண்டும், விளம்பரம் கூடாது. மகளுக்குப் பிற நாட்டுத் தொடர்கள், கீழே எழுத்தோடு. ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம், படத் தெளிவு எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்று வழக்கம்போல் கட்டங்கள் போட்டார். குடையின் நிபந்தனைகள் முப்பத்திரண்டு பக்கம், படித்தார். பம்பரத்தின் நிபந்தனைகள் பத்தொன்பது பக்கம், அதையும் படித்தார். எப்படிக் கூட்டினாலும் குடையே வென்றது. விலையில் பாதி, திரைகள் கூடுதல், மனைவி கேட்ட பழைய படங்கள் அதில்தான் அதிகம். ஆந்தை மூன்றாவதாக வந்தது.

குடைக்கு மாறினால் அக்காவுக்குப் பக்கம் இல்லை. அக்காவை அழைத்து, "புதுசா ஒன்னு வாங்கியிருக்கோம், உனக்கும் ஒரு பக்கம் வச்சிருக்கேன்" என்று சொல்ல, முதலில் அக்கா அழைப்பை எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை மாலை, தம் ஐம்பத்து மூன்றாவது வயதில், கொட்டேஷன்காரர் முதன்முறையாக ஓர் ஒப்பீட்டுத் தாளில் கைவைத்தார். குடை தரும் சலுகையை விட்டுவிட்டு முழு விலையை எழுதினார். கூடுதல் திரைகளை எழுதவில்லை. அப்படியும் ஆந்தை இரண்டாவதாகத்தான் வந்தது. எனவே, பழகிய வசதி என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து ஆந்தைக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். கையொப்பமிடும்போது பேனா ஒருமுறை நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை கோடு அதே இடத்தில். ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார். மகள்தான் முதலில் கையில் எடுத்தாள்.

"அப்பா, குடைக்கு முழு விலை போட்டிருக்கீங்க. சலுகை எங்கே?"

"அது சனிக்கிழமையோட முடியுது."

"இன்னிக்கு வெள்ளிதானே?"

அவர் தண்ணீர் குடித்தார். மனைவி தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரத்த மாதிரியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பழகிய வசதின்னா என்ன?"

"கையோட பழகிப்போச்சுல்ல. எந்தப் பொத்தான் எங்கே இருக்குன்னு…"

"துவைக்கிற மெஷின் வாங்கினப்போ பதினோரு வருஷம் பழகினதைத் தூக்கிப் போட்டீங்க. அப்போ எங்கே போச்சு இந்தக் கட்டம்?" மனைவி தாளை மேசையில் வைத்தார். குரல் தாழ்ந்தது. "நீங்க எதையும் மறக்கிற ஆள் இல்லை. விட்டிருக்கீங்கன்னா வேணும்னேதான் விட்டிருக்கீங்க. யாருக்காக?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் காதில் இருந்த கருவியைக் கழற்றினாள்.

சொன்னார். மூன்று ஆண்டுகளின் ஆறரை மணிகளையும், செவ்வாய் முதல் நகராத கோட்டையும், கையில் வைத்துக்கொண்டு அழைக்காமல் விட்ட எண்ணையும் சொன்னார். மனைவி கண்ணாடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தார்.

"மீட்டர் பார்க்குறீங்கன்னு நான் கேலி பண்ணிட்டிருந்தேன்" என்றார். "நாலு நாளா நகரலைன்னா, ஒரு போன் பண்ணணும்னு தோணலையா?"

"எடுக்க மாட்டாளே."

"எடுக்காட்டி இன்னொரு தடவை பண்ணணும். அவங்க கீழே விழுந்து கிடந்தா, நீங்க இங்கே உட்கார்ந்து கோட்டைப் பார்த்துட்டு இருப்பீங்களா?"

அந்தச் சொல்லைத்தான் அவர் நான்கு நாள்களாக மனத்துக்குள் வரவிடாமல் கதவை அழுத்திப் பிடித்திருந்தார். இப்போது அது மேசைமேல் கிடந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் மகள். "அப்பா, ஆந்தையோட புது நிபந்தனைகளைப் படிச்சீங்களா?"

அவர் விழித்தார். மற்ற இரண்டின் ஐம்பத்தொரு பக்கங்களைப் படித்தவர், ஆந்தை அனுப்பிய புதிய நிபந்தனைகளைத் திறக்கவே இல்லை. அதைத் தோற்கடிக்கக்கூடிய எதுவும் தம் கண்ணில் பட வேண்டாம் என்று விட்டிருந்தார்.

"இந்தத் திங்கட்கிழமை ராத்திரியிலேருந்து வேற வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தானா பூட்டிக்குது. எங்க வேலையிலயே இந்த மாதிரிப் புகார்தான் இப்போ நிறைய வருது. டிவியில ஒரு பொத்தான் வரும். அதை அமுக்கினா, சந்தா யார் பேருல இருக்கோ அவங்க மெயிலுக்கு நாலு இலக்க எண் ஒன்னு போகும். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள அதை வாங்கி அங்கே போடணும். உங்க மெயிலைக் காட்டுங்க."

அவர் கைப்பேசியை நீட்டினார். விளம்பரக் கடிதங்கள் தாமாகவே ஒதுங்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. அவர் அந்தப் பக்கம் போவதே இல்லை. மகள் அதைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் போய், நிறுத்தினாள்.

செவ்வாய், இரண்டு மணி பதினொரு நிமிடம். புதன், இரண்டு மணி எட்டு நிமிடம். வியாழன், இரண்டு மணி பதினான்கு நிமிடம். வெள்ளி, இரண்டு மணி ஒன்பது நிமிடம். உங்கள் கணக்கைப் பயன்படுத்த ஒருவர் எண் கேட்கிறார் என்று நான்கு கடிதங்கள்; ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடத்தில் காலாவதியானது.

"அத்தைக்கு ஒன்னும் இல்லைப்பா" என்றாள் மகள். "இன்னிக்கு ரெண்டு ஒன்பதுக்குக்கூடப் பொத்தானை அமுக்கியிருக்காங்க."

அவர் மூச்சை விட்டார். ஆனால் நிம்மதி நெடுநேரம் தங்கவில்லை. யாருக்குப் போகிறது என்று தெரியாமல் அமுக்கினாளா? தெரிந்தே அமுக்கினாளா? தெரிந்தே அமுக்கியிருந்தால், நான்கு நாள்கள் பதினைந்து பதினைந்து நிமிடம் காத்திருந்து, நான்கு நாளும் பதில் இல்லாமல் எழுந்துபோயிருக்கிறாள். அவனுக்கு இன்னும் அதே புத்திதான் என்று நினைத்திருப்பாள்.

மனைவி தாளை நான்காக மடித்துத் தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வைத்தார். "நாளைக்கு எண் வந்தா நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க. உங்க அக்கா பேசினா ஆந்தையே இருக்கட்டும், நான் ஒன்னும் சொல்லலை. பேசலைன்னா குடை. பேசாத மனுஷியோட கோட்டைப் பார்த்துட்டு இன்னும் மூணு வருஷம் உட்கார்ந்திருக்க நான் விட மாட்டேன்."

"மெசேஜ் அனுப்பிட்டாப் போதாதா?" என்றார் அவர் மெல்ல.

"மெசேஜ் அனுப்பினாக் கோடுதான் நகரும்" என்றார் மனைவி.

சனிக்கிழமை அலுவலகம் ஒரு மணிக்கு முடிந்தது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. கிடங்கின் பின்னறையில், கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அங்கே சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் என்பதைக் காலையிலேயே மூன்று இடங்களில் நின்று பார்த்து உறுதி செய்திருந்தார். மருந்துக் கிடங்குக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, கையுறைக்குக் காவலா?" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி எட்டு நிமிடம். பதினொரு நிமிடம். பதினான்கு. கடிதம் இல்லை. இருபது. நான்கு நாள் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள் என்று தோன்றியது. அக்கா எதையும் ஐந்தாவது முறை கேட்கிறவள் அல்லள். இரண்டு மணி இருபத்தாறு நிமிடத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது. ஏழு, மூன்று, பூஜ்யம், இரண்டு.

அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். இரண்டாவது மணியிலேயே துண்டிக்கப்பட்டது. எண்ணைச் செய்தியாகத் தட்டினார், அனுப்பும் பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்தார், எடுத்தார். எண் காலாவதியாக இன்னும் ஆறு நிமிடம். எதிரே அடுக்கியிருந்த பெட்டிகளில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று எழுதியிருந்ததைக் காரணமில்லாமல் மூன்றுமுறை படித்தார். மூன்றாவது முறையாக அழைத்தார்.

எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.

"அக்கா."

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"எண் வந்திருக்கு. சொல்லட்டுமா?"

"இன்னிக்குத்தான் வந்துச்சா?"

"நாலு நாளா வருது. நான் பார்க்கலை. விளம்பரத்தோட போய் விழுந்துடுச்சு. நிஜமா பார்க்கலைக்கா."

நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. "சொல்லு."

"ஏழு. மூணு."

"மெதுவா. கண்ணாடியைத் தேடுறேன்." சற்று நேரம். "ம்."

"பூஜ்யம். ரெண்டு."

ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொத்தான் அமுங்கும் ஒலி கேட்டது. பிறகு ஓர் இசை. அதன்மேல் யாரோ இரண்டு பெண்கள் உரக்கப் பேசும் குரல்கள்.

"திறந்துடுச்சு" என்றார் அக்கா.

"இது பதினாலு நாளைக்குத்தான்னு மெயில்ல போட்டிருக்கு. அப்புறம் மறுபடி கேட்கும்."

"கேட்டா?"

"மறுபடி எனக்கு வரும். நான் கூப்பிட்டுச் சொல்லணும்."

அக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை. தொடரின் வழக்கு மன்றத்தில் யாரோ மேசையைத் தட்டினார்கள். அவர் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அன்னிக்கு அந்தத் தாளு…"

"தொடர் ஓடிட்டிருக்கு" என்றார் அக்கா. "வை." பின்னர், அவர் வைப்பதற்குள், "ரெண்டு மணிக்கு முன்னாடி கூப்பிடாதே. சாப்பிட்டுட்டு இருப்பேன்" என்றார்.

இணைப்பு அறுந்தது. அவர் உடனே எழவில்லை. பிறகு வீட்டுக்கு அழைத்தார். மனைவி அப்போதுதான் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்தார்.

"என்ன ஆச்சு? பேசினாங்களா?"

அவர் யோசித்தார். இதற்கு என்ன மதிப்பெண் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வைன்னு சொன்னா" என்றார்.

"வேற?"

"ரெண்டு மணிக்கு முன்னாடி கூப்பிடாதேன்னு சொன்னா."

மறுமுனையில் மனைவி மகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "அது பேச்சுதான்" என்றார். "ஆந்தைக்கே கட்டச் சொல்லிட்டேன். வாங்க, சாப்பிடாமக்கூட இருப்பீங்க."